உறுதிமொழி எடுத்தவர் உட்காரட்டும்

சென்ற மாதம் சுமதி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பேரூராட்சி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். பெண் உறுப்பினர்களின் கணவர்களோ உறவினர்களோ மன்றக் கூட்டத்தில் உட்காரக் கூடாது, மீறினால் செயல் அலுவலரே பொறுப்பு என்று அதில் இருந்தது. கீழே, "அக்கா, நம்ம டீச்சர் சுற்றறிக்கை இல்லாமயே இதப் பண்ணிட்டாங்கள்ல?" என்று எழுதியிருந்தாள்.

ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். டீச்சர் செய்தது உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது, அதில் என் தப்பு எவ்வளவு என்பதெல்லாம் சுமதிக்குத் தெரியாது. அவள் வேலைக்கு வருவதற்கு முந்தைய கதை அது.

தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக வேலைக்கு வந்தவள் நான். மூன்று ஊர் மாறியபின் ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பேரூராட்சிக்கே வந்து சேர்ந்தேன். அதற்குள் கல்யாணம் ஆகி, ஆறு வருடம் குடும்பம் நடத்தி, கணவரை விட்டுத் தனியாக வந்தும் ஆகிவிட்டது. வரிப் பிரிவில் கொஞ்ச நாள், பிறப்பு இறப்புப் பதிவில் கொஞ்ச நாள். பிறகு மன்றப் பிரிவைக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை.

மன்றப் பிரிவு என்றால் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. கூட்டத்துக்கு வேண்டிய பொருள்களைத் தொகுத்து அஜெண்டா தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் அதை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டம் நடக்கும்போது மேசை ஓரத்தில் உட்கார்ந்து யார் என்ன சொன்னார், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று குறிப்பெடுத்து, பின்பு அடித்தல் திருத்தல் இல்லாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். கடைசியில் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் அது சட்டம்.

அப்போது எங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு வார்டுகள் பெண்களுக்கு. ஆனால் கூட்டத்துக்கு வந்தது பெரும்பாலும் அவர்களுடைய வீட்டுக்காரர்கள். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், மாடு கன்று போட்டிருக்கிறது என்பார்கள். ஒருவர் எதுவுமே சொல்லாமல் உட்கார்ந்துகொள்வார். நான் மனைவிகளின் பெயரை எழுதிக்கொள்வேன். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் பதவிக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட காலம் அது. ஒரு தேர்தலில் அந்தப் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நின்று ஜெயித்து வந்தவர் ரூபாவதி டீச்சர்.

ஊரில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் பெண்கள் சங்கத்துக்குப் பல வருடங்களாக அவர்தான் தலைவி. சபையில் மற்ற பெண்கள் பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டபோது, "பிரசங்க மேடை ஆம்பளைங்களுக்கு. நமக்கு வேற வேலை நிறைய இருக்குது" என்று நிறுத்தியவர். அதே டீச்சர்தான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மதுக்கடை திறந்தபோது முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து, கடையை மாற்றும்வரை ஒன்பது நாள் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் சபைக்கு வெளியிலும் அவர் பெயர் தெரிந்தது. ஒரு கட்சி வந்து நிற்கச் சொன்னது.

அவர் நிற்கிறார் என்றதும் எதிர்த்தரப்பினர் பழைய சங்க இதழ் ஒன்றைத் தேடி எடுத்து நகல் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். பெண்களுக்கு இட ஒதுக்கீடே வேண்டாம், அது குடும்பத்தைக் குலைக்கும் என்று டீச்சர் பேசியது அதில் அச்சாகியிருந்தது. பஸ் நிலையத்தில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் ஒருவர் அந்தத் தாளை நேராக அவரிடமே நீட்டிக் கேட்டார்.

டீச்சர் மறுக்கவில்லை. "நான் சொன்னதுதானுங்க. இன்னும் அப்படித்தான் நினைக்கறேன். ஆனா நாற்காலியப் போட்டுட்டாங்க. அதுல இன்னொருத்தர் பொண்டாட்டி பேருல அவரு வந்து உக்கார்றதுக்கு, நானே உக்கார்றேன்" என்றார். கூட்டம் சிரித்தது. ஓட்டும் விழுந்தது.

முதல் கூட்டத்தன்று டீச்சரின் கணவர் மொபெட்டில் அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர், உடற்பயிற்சி வாத்தியார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, காவலாளியிடம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, பேப்பர் படிக்க ஆரம்பித்தார். உள்ளே மன்ற அறையில் ஐந்து கணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், உட்காராமல் நின்றார்.

"ஏனுங்க, எல்லாரும் மன்னிக்கணும். கடவுள் பேரச் சொல்லி உறுதிமொழி எடுத்தது உங்க சம்சாரம். எடுத்தவங்க உக்காரட்டும். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, காத்திருக்கறேன்."

முன்வரிசையில் இருந்தவர் செல்லமுத்து. ஏழாவது வார்டு உறுப்பினர் பழனியம்மாளின் கணவர். இரண்டு ரிக் வண்டி வைத்து வட மாநிலங்கள்வரை ஆழ்துளைக் கிணறு போடுபவர். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், ஊட்டுக்குத் தலைவர் புருஷன்தான்னு நீங்களே சங்கத்துல சொல்றீங்களாமே?" என்றார்.

"ஆமாங்க. எங்க ஊட்டுக்கும் அவருதான் தலைவரு. அதோ, கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கறாரு பாருங்க."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வாத்தியார் பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். டீச்சர் கைப்பையிலிருந்து பின்னல் ஊசி எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக ஐந்து பெண்களும் வந்தார்கள். ஒருத்தி அடுப்பை அணைத்தேனா என்று பக்கத்தில் இருந்தவளிடம் புலம்பிக்கொண்டே வந்தாள். பழனியம்மாள் கடைசியாக வந்து கதவோரம் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார், எழுத்துக் கூட்டி, மெதுவாக.

அன்றிலிருந்து புத்தகம் வீட்டுக்குப் போகக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்து நான் எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்து என் முன்னாலேயே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது வருடத்தில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சந்தை ஓரத்தில் பேரூராட்சிக்குச் சொந்தமான இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் எழுப்பியது பழனியம்மாள்தான். மரவள்ளியும் காய்கறியும் கொண்டுவரும் பெண்கள் விடியற்காலை வந்து மதியம்வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டீச்சரோடு எனக்குச் சண்டை இல்லாமல் இல்லை. நான் தனியாக இருப்பது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறையாவது, "வசந்தா, அவருகிட்ட ஒரு தரம் பேசிப் பாரேம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளிர் தினத்துக்கு அலுவலகப் பெண்கள் கும்மி அடிக்க அனுமதி கேட்டபோதும் மறுத்துவிட்டார். ஆனால் என் குறிப்பில் ஒரு சொல் தவறாக இருந்தாலும் எல்லோர் முன்னிலும் சொல்ல மாட்டார். பென்சிலால் ஓரத்தில் சின்னப் புள்ளி ஒன்று வைத்துத் திருப்பித் தருவார். நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் பதவியின் நான்காம் வருடம், கண் அறுவை சிகிச்சைக்காகச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வாரம் கூட்டம். துணைத் தலைவர் தலைமை வகித்தார். நான் உள்ளே போனபோது அந்த ஐந்து கணவர்களும் பழைய இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செயல் அலுவலர் என்னைப் பார்த்தார், பின்பு அஜெண்டாவைப் பார்த்தார்.

கடைசிப் பொருளாகத் துணைத் தலைவர் புதிதாக ஒன்றை வைத்தார். கழிப்பறைக்கு ஒதுக்கிய சந்தை இடத்தை வேன் நிறுத்தமாக மாற்ற வேண்டும் என்பது அது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஏழு. சமமாக நின்றதால் துணைத் தலைவர் தன் கூடுதல் ஓட்டைப் போட்டு நிறைவேற்றிவிட்டார். அந்த ஏழு ஆதரவில் ஒன்று செல்லமுத்துவின் கை. நான் 'திருமதி பழனியம்மாள், ஆதரவு' என்று எழுதினேன். "அம்மணிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டுக் காலைல குடுத்தனுப்பறேன் சாமி" என்று செல்லமுத்து கை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. நான்கு வருடம் நெட்டுக்குத்தாக உட்கார்ந்தபின் ஒரு நாள் சாய்ந்துகொள்வதுபோல, பழையபடி இருப்பது சுகமாக இருந்தது. அவ்வளவுதான்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகத்துக்குத் திரும்பிய அன்றே தோற்ற தரப்பில் இரண்டு உறுப்பினர்கள் வந்து சொன்னார்கள். டீச்சர் புத்தகத்தைக் கேட்டார். கண்ணுக்கு மிக அருகில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"வசந்தா, இங்க வா. பழனியம்மா தன் பேருல கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்குமா?"

வைக்காது. நான்கு வருடக் கையெழுத்தில் ஒருமுறைகூட அந்த 'ள்' மேல் புள்ளி இருந்ததில்லை. இப்போது இரண்டு புள்ளிகளும் அழகாக, அளந்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தன.

"புத்தகம் வெளிய போச்சா?"

"போச்சுங்க டீச்சர்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வந்திருந்த உறுப்பினர்கள் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். சிறப்புக் கூட்டம் போட்டு, பழனியம்மாளை எழுப்பி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டால் போதும், தீர்மானம் தானாக விழுந்துவிடும் என்றார்கள். டீச்சர் தலையை அசைத்தார். "ஒரு பொம்பளைய அவ புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்ல நிறுத்த மாட்டேன். அது என்னால ஆகாது."

அவர்கள் போனபின் என்னால் பொறுக்க முடியவில்லை. "இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் டீச்சர் நானும் ஆறு வருசம் அடி வாங்கிட்டு இருந்தேன். எங்கம்மா, மாமியா, பக்கத்து ஊட்டுக்காரங்க, எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. கோர்ட்டுல நான் தனியா நின்னப்ப ஒருத்தரும் வரல" என்றேன். அதுவரை அடி வாங்கியதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அன்றும் மறுநாளும் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "பழனியம்மா ஊட்டுக்குப் போலாம். நீயும் வாம்மா" என்றார்.

செல்லமுத்து எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாசல்வரை வந்து, "வாங்க டீச்சர், உக்காருங்க, மோர் குடிங்க" என்றார். டீச்சர் மோரை வாங்கிக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க சம்சாரத்துகிட்ட அஞ்சு நிமிசம் தனியாப் பேசணும். நீங்க சரின்னு சொன்னா" என்றார். இவரிடம் போய் ஏன் அனுமதி கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அப்படிக் கேட்டதும் செல்லமுத்துவால் மறுக்க முடியவில்லை.

பழனியம்மாள் பின்கட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையெழுத்தைப் பற்றி டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. "சவுக்கியமா இருக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பழனியம்மாளே சொன்னார். "போட மாட்டேன்னு சொன்னனுங்க. சந்தைக்கு வர்றவங்களுக்கு நாந்தான் வாக்குக் குடுத்தேன், எப்படிங்க போடறதுன்னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல அவரு. காலைல பாத்தா கையெழுத்து ஆயிருச்சுங்கறாங்க."

"உங்களுக்கு என்ன பண்ணணும்னு தோணுது?"

"போலீசு கீலீசெல்லாம் வேண்டாங்க. பையனுக்குப் பொண்ணுப் பாத்துட்டு இருக்கறோம். ஆனா கூட்டம் போட்டீங்கன்னா வாரேன். கையத் தூக்கச் சொன்னாத் தூக்குவேன்."

"அவரு கோவிச்சுக்குவாரே?"

"கோவிச்சுக்குவாருங்க. அதுக்கென்ன பண்றது?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அவர் முன்வாசலுக்கு வந்து செல்லமுத்துவின் எதிரே நின்றார்.

"உங்க ஊட்டுல நீங்கதான் தலைவரு. அதுல நான் குறுக்க வரல. ஆனா அந்தம்மா உறுதிமொழி எடுத்தது உங்ககிட்ட இல்ல, கடவுள்கிட்ட. அதுல நீங்க கை வெச்சுட்டீங்க. இத நான் போலீசுக்குச் சொல்லப் போறதில்ல. ஊருக்கும் சொல்லப் போறதில்ல. வெள்ளிக்கிழமை சிறப்புக் கூட்டம் போடறேன். உங்க சம்சாரத்த நீங்களே கொண்டாந்து விடோணும். எங்க ஊட்டுக்காரரு என்னைக் கொண்டாந்து விடறாப்பல."

செல்லமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "கேஸு வராதுங்களா?" என்று கேட்டார்.

"புத்தகத்த வெளிய அனுப்பினது எங்க ஆபீஸ் தப்பு. அத நாங்க எழுதிக்கறோம்."

'நாங்க' என்று சொன்னாலும் எழுத வேண்டியது நான்தான். அன்று மதியம் என்னை எதிரே உட்கார வைத்து விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். உறுப்பினர் நேரில் வராத கூட்டத்தில் வந்ததாகப் பதிவு செய்தேன், கையொப்பம் என் முன்னிலையில் பெறப்படவில்லை என்று எழுதினேன். யார் போட்டது என்று எழுதவில்லை. "அவரு தப்பிச்சுக்குவாரு, நான் மட்டும் மாட்டிக்கணுமாங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"உன் தப்புக்கு நீ மாட்டிக்கற. அவரு தப்புக்கு அவரு ஊட்டுலயே தினமும் பதில் சொல்லிக்குவாரு" என்றார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே, நான்கு வருடம் தலைவராக இருந்தும் இந்தப் பழக்கத்தை அடியோடு நிறுத்தத் தவறியதற்கு நானும் பொறுப்பு என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். சொந்தக் கட்சிக்காரர்களே அதற்காக அவரைத் திட்டினார்கள். எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஊதிய உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. தலைமை எழுத்தர் பதவியும் தாமதமானது. டீச்சர் செய்தது நியாயம்தானா என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெளிவில்லை. நான் செய்தது தப்பு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை தலைவரையும் சேர்த்துப் பதினாறு பேரும் வந்தார்கள். நிறைவேறிய தீர்மானத்தை ரத்து செய்ய மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் ஒன்பது கைகள். டீச்சரையும் சேர்த்து எட்டு உறுதியாக இருந்தது.

கூட்டம் ஆரம்பிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே புல்லட் சத்தம் கேட்டது. செல்லமுத்து பழனியம்மாளை இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவும் இல்லை. வேப்பமரத்தடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவரை வாத்தியார் அண்ணாந்து பார்த்து, படித்து முடித்த பேப்பர் தாள்களைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

டீச்சர் தீர்மானத்தைப் படித்தார். பழைய கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "ரத்து செய்ய ஆதரவு தர்றவங்க கை தூக்குங்க" என்றார்.

எட்டுக் கைகள் எழுந்தன. பழனியம்மாள் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். நான் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தேன். துணைத் தலைவர், "எண்ணிக்குங்க, எட்டுத்தான்" என்றார். டீச்சர் எண்ணவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. மேசை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து, மெதுவாகக் குடித்து, மூடி வைத்தார். அதற்குள் பழனியம்மாளின் கை எழுந்துவிட்டது. தலைக்கு மேலே, முழங்கை மடங்காமல்.

"ஒம்பதுங்க" என்றேன். என் குரல்தான் முதலில் கேட்டது. எழுத்தர் பேசக் கூடாத இடம் அது. யாரும் கண்டிக்கவில்லை.

கழிப்பறை கட்டி முடிவதற்குள் டீச்சரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவும் இல்லை. பெண்கள் சங்கத்திலும், டீச்சர் அரசியலுக்குப் போய்வந்தவர் என்று சொல்லி, வேறு ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை மன்ற அறையிலேயே பாராட்டு விழா வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுபவரையும் அவருடைய கணவரையோ மனைவியையோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மாலை போடுவார்கள். புதிதாக வந்திருந்த செயல் அலுவலருக்கு என் கதை தெரியாது. இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு மாலையும் வாங்கி வைத்திருந்தார். ஒரு நாற்காலியை எடுத்துவிடும்படி சுமதியிடம் சொல்லப் போனேன். அப்போது டீச்சர் உள்ளே வந்தார். அழைப்பு அனுப்பியிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வாத்தியார் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கைத்தடி ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

என் அருகில் வந்து நின்று, மெல்லிய குரலில் கேட்டார்.

"இன்னைக்காவது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினயா?"

"இல்லைங்க டீச்சர்."

"சொல்லியிருக்கோணும்" என்றார். பிறகு அந்த இரண்டாவது நாற்காலியில், தன் இடம்போல உட்கார்ந்துகொண்டார்.

செயல் அலுவலர் எனக்கு மாலை போட்டார். அடுத்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கழுத்தைச் சற்று முன்னால் நீட்டினார்.

"ஏனுங்க நிக்கறீங்க? போடுங்க."